மலைநாட்டுக்கு வந்த எழுதுகோல்

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தவன் அயல்நாட்டில் கடை வைத்துப் பிழைக்கலாம், கணக்கெழுதிப் பிழைக்கலாம், கைத்தொழில் செய்து பிழைக்கலாம். எழுதிப் பிழைப்பது மட்டும் எளிதன்று. எழுதுபவனுக்கு மொழி வேண்டும்; அம்மொழியைப் படிக்கத் தெரிந்த மக்கள் வேண்டும்; அவர்களிடம் வாங்குவதற்குக் காசும் வாசிப்பதற்கு ஓய்வும் வேண்டும். மொழி ஒன்றைத் தவிர ஏனைய எதுவும் இல்லாத ஒரு மக்கட் கூட்டத்தையே தம் வாசகர்களாகத் தேர்ந்துகொண்டு, அவர்களுக்காக ஏறத்தாழ 27 ஆண்டுகள் எழுதியும் பேசியும் வாழ்ந்த ஒருவர் இருந்தார். அவரே கோ. நடேசய்யர்.

ஊவா மலைகளில் வாழ்வோர்க்கு அவர் பெயர் புதிதன்று. எனினும், அட்டன் தொகுதியின் பிரதிநிதி என்றும், தோட்டத் தொழிற்சங்கத்தின் முன்னோடி என்றும் அவரை அறிந்த அளவுக்கு, எழுத்தையே முதலாகக் கொண்டு கடல் கடந்து வந்தவர் என்று நாம் அறிந்திலோம். அந்தப் பக்கத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது பயனுடையது.

தஞ்சையில் ஒரு தொடக்கம்

நடேசய்யர் 1887ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் பிறந்தார். ஆங்கிலக் கல்வி பெற்ற அந்தணர் குடும்பத்து இளைஞர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி நின்ற காலம் அது. அவருடைய மனமோ வர்த்தகத்திலும் அச்சுத் தொழிலிலும் சென்றது. வணிகர்களுக்கென ‘வர்த்தகமித்திரன்’ என்ற பத்திரிகையைத் தஞ்சையிலே நடத்தினார். கணக்குப் பதிவு, காப்புறுதி, எண்ணெய் இயந்திரம் ஆகிய பொருள்கள் பற்றித் தமிழிலே கைந்நூல்கள் எழுதினார். தமிழில் கவிதையும் கதையும் சமயமும் எழுதுவோர் பலர் இருந்தனர். பேரேடு எழுதும் முறையையும் இயந்திரம் ஓடும் வகையையும் எளிய தமிழில் சொல்ல முன்வந்தோர் சிலரே. ஆங்கிலத்தில் அடைபட்டிருந்த அறிவைத் தமிழனின் கைக்கு எட்டச் செய்ய வேண்டும் என்ற வேட்கையை இத்தொடக்க நூல்களிலேயே நாம் காண்கிறோம். பிற்காலத்தில் தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் விளக்கியபோதும் அவர் செய்தது இதே பணிதான். பொருள் மாறிற்று, நோக்கம் மாறவில்லை.

1915இல் அவர் முதன்முறையாக இலங்கைக்கு வந்தார். கொழும்பு வாழ் இந்திய வணிகரின் தொடர்பே அவரை இங்கே ஈர்த்தது. பத்திரிகைக்குச் சந்தாதாரரும் வணிகர் சங்கத்துக்கு உறவும் தேடி வந்த அவர், தாம் தேடாத வேறொன்றைக் கண்டார். புறக்கோட்டைக் கடைவீதியில் செழித்திருந்த இந்தியர் சிலர். மலைகளின் மீது தேயிலைக்கு உரமாகிக்கொண்டிருந்த இந்தியர் பல இலட்சம் பேர். முன்னவரைப் பற்றி எழுதுவோர் இருந்தனர். பின்னவரைப் பற்றி எழுத ஒருவரும் இல்லை. இந்த வேறுபாடே அவர் வாழ்வின் திசையை மாற்றியது.

மூட்டை சுமந்த பத்திரிகாசிரியர்

அக்காலத் தோட்டம் என்பது நாட்டுக்குள்ளே ஒரு தனி நாடு. துரையின் அனுமதியின்றி அயலான் உட்புக முடியாது. புகுந்தால் அத்துமீறல் என்று வழக்குத் தொடரலாம். பெரிய கங்காணியின் கணக்கில் தொழிலாளியின் கடன் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தக் கடனை எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டு, ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மனிதனையே கைமாற்றும் பத்திரமாக விளங்கிற்று. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலை ஒப்பந்தத்தை மீறியவனைச் சிறைக்கு அனுப்பும் விதிகளும் அதனையொட்டியே நீங்கின. ஆயினும் கங்காணியின் பேரேட்டையோ துரையின் அதிகாரத்தையோ ஒரு சட்டம் ஒரே நாளில் அழித்துவிடவில்லை.

இத்தகைய இடத்துள் ஒரு பத்திரிகையாளர் எவ்வாறு நுழைவது? நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு, தோளிலே துணிமூட்டையுடன் லயங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்று அவர் வரலாற்றை ஆய்ந்தோர் பதிந்துள்ளனர். தஞ்சை அந்தணர் ஒருவர் மூட்டை சுமந்து லயத்து வாசலில் குந்தியிருந்து, தொழிலாளிப் பெண்ணிடம் சேலைக்கு விலை பேசும் காட்சியை வாசகர் மனக்கண்ணால் காண வேண்டும். சாதியும் படிப்பும் தந்த உயர்வை அவர் லயத்து வாசலுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்க முடியும். கேட்டு எழுதுபவன் முதலில் கேட்கத் தகுந்தவனாக ஆக வேண்டும் என்ற பாடம் இதிலே உண்டு.

1920ஆம் ஆண்டளவில் அவர் இலங்கையையே தம் வாழ்விடமாக்கிக் கொண்டார். 1921இல் கொழும்பிலிருந்து ‘தேசநேசன்’ வெளிவந்தது. 1924இல் ‘தேசபக்தன்’ தோன்றிற்று. அதே 1924இல்தான் இருப்புப் பாதை பதுளை வரை நீண்டது. தெமோதரையில் மலையைச் சுற்றி வளைந்து வரும் அப்பாதை, தேயிலைப் பெட்டிகளை இறக்கவே போடப்பட்டது. ஆனால் தேயிலை இறங்கும் வழியிலேயே செய்தியும் ஏறலாம் அல்லவா? கொழும்புக் கோட்டையில் ஏற்றிய தமிழ்த் தாள் ஊவாவின் தலைநகர் வரை இரயிலிலேயே வரத்தக்க காலம் அப்போதுதான் பிறந்தது.

படிக்காதவரைப் படிக்க வைத்தல்

பதுளை நிலையத்தில் இறங்கிய தாள் பசறை, மடுல்சீமை, நமுனுகுலைத் தோட்டங்களின் லயத்தை அடைவது வேறு செய்தி. தோட்டத்துத் தபாற்பை துரையின் காரியாலயம் வழியாகவே வந்தது. துரைக்குப் பிடிக்காத பத்திரிகையை வாங்குபவன் வேலையை இழக்கவும் கூடும். வேலை இழந்தவன் லயத்துக் காம்பராவையும் இழப்பான். ஒரு தாளின் விலை சில சதமே. அதனை வைத்திருப்பதன் விலையோ ஒரு குடும்பத்தின் கூரை. இதுவே அன்றைய வாசகனின் நிலை.

அன்றியும், தொழிலாளருள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆகவே நடேசய்யரின் எழுத்து, கண்ணால் படிக்கப்படுவதைவிடக் காதால் கேட்கப்படுவதையே நாட வேண்டியிருந்தது. எழுத்தறிந்த ஒருவன் உரக்கப் படிக்க, சுற்றியிருப்போர் கேட்கத்தக்க நடை அவருக்குத் தேவைப்பட்டது. சிறு துண்டுப் பிரசுரங்களும் கேள்வி விடுக்கும் தலைப்புகளும் பழகிய பேச்சுச் சொற்களும் அவர் எழுத்தில் இடம்பெற்றமைக்கு இதுவே காரணம். 1931இல் வெளிவந்த ‘நீ மயங்குவதேன்?’ என்ற நூலின் பெயரே வாசகனின் முகத்தைப் பார்த்துக் கேட்பதாக அமைந்திருத்தலைக் காண்க.

இப்பணியில் அவருக்கு வாய்த்த துணை அவர் மனைவியார் மீனாட்சியம்மை. அவர் பத்திரிகைப் பணியில் தோள் கொடுத்ததோடு நில்லாமல், கூட்டங்களில் மேடையேறிப் பாடினார். பாரதியாரின் பாடல்கள் மலைநாட்டு மக்களின் செவியில் விழ அவர் குரல் வழியாயிற்று. தாமே பாடல்கள் புனைந்தார். இலங்கையில் இந்தியர் வாழும் நிலையைப் பற்றிய அவருடைய பாட்டு நூல் 1940இல் வெளிவந்தது. கணவர் கட்டுரையில் எழுதிய செய்தியை மனைவியார் பாட்டாக்கினார். தாளைப் பறிமுதல் செய்யலாம். பாட்டைப் பறிமுதல் செய்ய எந்தத் துரையாலும் இயலாது. பிரட்டுக் களத்திலும் கொழுந்து மலையிலும் அது வாயிலிருந்து வாய்க்குப் போகும். பகலெல்லாம் கூடை சுமந்த பெண்கள், தங்களைப் போன்ற ஒரு பெண் மேடையில் நின்று பாடக் கேட்டமையே அந்நாளில் ஒரு புதுமை.

கதைத் துறையையும் நடேசய்யர் விட்டுவைக்கவில்லை. ‘மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்’ என்னும் கதை நூல் 1924இல் வந்தது. ‘இராமசாமி சேர்வையின் சரிதம்’ என்னும் ஆக்கத்தில் தோட்டத்து மனிதனே கதையின் நாயகனாக வந்து நின்றான். இவற்றில் கலைநயத்தை மட்டும் தேடுவோர் ஏமாற்றமடையலாம். விரைந்து எழுதியதன் அடையாளமும் பிரசாரத்தின் வாடையும் அவற்றில் உண்டு. ஆனால் பிற்காலத்து மலையக இலக்கியம் என்னும் மாளிகைக்கு முதற் கல்லை நட்டவர்களுள் அவரும் ஒருவர் என்பதை மறுக்க முடியாது.

இரு மொழி, இரு சபை

தமிழில் எழுதினால் தொழிலாளி விழிப்பான். ஆனால் ஆள்வோர் அறியார். இதனை உணர்ந்த நடேசய்யர் ஆங்கிலத்திலும் ‘சிட்டிசன்’, ‘பார்வர்ட்’ முதலிய பத்திரிகைகளை நடத்தினார். ஒரே துயரத்தைத் தமிழில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் மற்றொரு விதமாகவும் அவர் சொல்ல வேண்டியிருந்தது. லயத்தில் இருப்பவனுக்கு அவனுடைய துன்பத்தை விவரிக்க வேண்டியதில்லை. அத்துன்பம் விதியன்று, பிறர் வகுத்த ஏற்பாடே என்று விளக்கினால் போதும். கொழும்பிலும் இலண்டனிலும் இருப்பவனுக்கோ துன்பம் உண்டு என்பதையே ஆதாரத்துடன் நிறுவ வேண்டும். இரண்டு மக்களுக்கிடையே நின்று எழுதுபவன் சொற்களை மட்டும் பெயர்த்தால் போதாது. யாருக்கு எது தெரியாது என்பதை அறிந்து எழுத வேண்டும். இக்கலையை நடேசய்யர் நன்கு கற்றிருந்தார்.

எழுத்தே அவரைச் சபைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1925இல் நடைபெற்ற இடைத்தேர்தலில் இந்தியரின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். அவர் சபையில் இருந்த காலத்திலேதான், 1927இல், இந்தியத் தொழிலாளருக்குரிய குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி 1929இல் உயர்மலைப் பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். பின்வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. ஒரே மலையில் ஒரே மழையில் நனைந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே 11 சதம் வேறுபாடு வைத்த சட்டத்தை நன்மை என்று வரவேற்க வேண்டிய நிலையில் அக்காலம் இருந்தது. அதற்கு முன் நிலை எவ்வாறிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக் கொள்ளலாம்.

அதே 1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார், பதுளையிலும் பேசினார். தங்களைப் பற்றி உலகில் எவரும் எண்ணுவதில்லை என்று கிடந்த மக்களுக்கு, இந்தியாவின் பெருந்தலைவர் ஒருவர் ஊவா வரை வந்து சென்றமை பெரும் ஊக்கமளித்தது.

இரு கரைக்கும் அயலவர்

நடேசய்யரின் வாழ்வில் வெற்றியைவிட முறிவுகளே நமக்கு மிகுதியாகக் கற்பிக்கின்றன. கொழும்புத் தொழிலாளரின் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்காவோடு அவர் தோளோடு தோள் நின்றார். இலங்கைத் தொழிற்சங்கத்தின் உபதலைவராகவும் இருந்தார். சிங்களத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் ஒரே கொடியின் கீழ் நிற்கலாம் என்ற நம்பிக்கை அந்நட்பில் இருந்தது. ஆனால் 1920களின் இறுதியில் வேலையின்மையும் டொனமூர் வாக்குரிமை விவாதமும் சேர்ந்து, இந்தியன் என்ற சொல்லையே பகைச் சொல்லாக்கின. நட்பு முறிந்தது. நேற்று ஒரே மேடையில் பேசியோர் இன்று எதிரெதிர்ப் பத்திரிகைகளில் எழுதினர்.

அந்த முறிவுக்குப் பின் அவர் மலையை நோக்கித் திரும்பினார். 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுந்த முதற் சங்கம் அது. தோட்டத்துரைமார் சங்கம் அவரைக் கலகக்காரர் என்றது. கங்காணிமார் தம் வயிற்றில் அடிப்பவர் என்றனர். பொலிசார் அவர் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்தனர். இந்திய வணிகருள் சிலருக்கும் அவருடைய தீவிரம் சங்கடமாக இருந்தது. சிங்கள அரசியலார்க்கு அவர் இந்தியர். இந்தியப் பிரமுகர்க்கு அவர் கூலிகளின் ஆள். இரு கரைக்கும் பாலம் கட்டப் புகுந்தவர் இரு கரைக்கும் அயலவராயினார்.

இருப்பினும் 1936இல் அட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். வாக்குரிமை பெற்ற தொழிலாளர், படித்தும் கேட்டும் பழகிய குரல் ஒன்றுக்கே வாக்களித்தனர் எனலாம். துணிமூட்டையோடு லயத்துள் நுழைந்தவர், அந்த லயத்தவரின் வாக்கினாலேயே சபைக்குள் நுழைந்தார். பத்திரிகாசிரியன் ஒருவன் தன் வாசகரிடம் பெறத்தக்க பரிசு இதனினும் வேறு யாது?

ஊவாவின் விழிப்பு

1939இல் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிற்று. இடதுசாரிகளும் மலையேறினர். 1940இல் ஊவாவிலே வேலைநிறுத்தங்கள் வெடித்தன. பதுளையை அடுத்த வெவெஸ்ஸைத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து நிர்வாகத்தோடு பேசும் அளவுக்கு எழுச்சி வளர்ந்தது. அப்போராட்டத்தை நடத்தியோர் லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்தவர்கள், நடேசய்யர் அல்லர். அதற்குரிய புகழை அவருக்குச் சூட்டுதல் நேர்மையாகாது.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 1869இல் காப்பிச் செடியை அழித்த இலைநோய் முதன்முதற் காணப்பட்டது இந்த ஊவாவின் மடுல்சீமையில்தான். ஒரு செடியில் தோன்றிய நோய் மலைமலையாகப் பரவிய வேகத்தை அக்காலத்தார் கண்டனர். அச்சமும் அவ்வாறே பரவும். துணிவும் அவ்வாறே பரவும். தோட்டத் தொழிலாளி சங்கம் அமைக்கலாம், கேள்வி கேட்கலாம், துரையின் முன் நிமிர்ந்து நிற்கலாம் என்ற எண்ணத்தை அச்செழுத்தில் பதித்து மலைகளில் முதலில் விதைத்தவர்களுள் நடேசய்யர் முன்வரிசையில் நின்றார். வேறு கைகள் அறுவடை செய்தன என்பதனால் விதைத்தவன் பங்கு குறைந்துவிடாது.

இறுதி ஆண்டு

காலம் அவரைக் கடந்து சென்றது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அவற்றுள் பதுளையும் ஒன்று. மஸ்கெலியாவில் நின்ற நடேசய்யரோ அக்கட்சியின் வேட்பாளரிடம் தோற்றார். எந்த மக்களுக்கு வாக்கின் வலிமையைக் கற்பித்தாரோ, அந்த மக்களின் வாக்கே அவரை வீட்டுக்கு அனுப்பியது. இது அவருக்குத் துயரமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் கற்பித்த பாடத்துக்கு அது தோல்வியன்று. தலைவனை மாற்றத் தெரிந்த மக்கள் அடிமைகள் அல்லர் அல்லவா? அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அவர் மறைந்தார்.

மறுவருடம், 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1936இல் அவரைச் சபைக்கு அனுப்பிய மக்களே நாடற்றவர் ஆயினர். இந்தக் கொடுமையைக் காணாமலே அவர் கண்மூடினார். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல்லாயிரம் குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்ற வழி செய்தது. பதுளை நிலையத்துப் புகைவண்டிப் பெட்டிகளும் அந்தக் கண்ணீரைச் சுமந்தன. எஞ்சியோரின் குடியுரிமைக் குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மனிதர் மறைந்தபின் எழுத்தும் ஏறத்தாழ மறைந்தே கிடந்தது. தேசபக்தன் தாள்களும் சிறு பிரசுரங்களும் கவனிப்பாரின்றிச் சிதறின. சாரல் நாடன் அவற்றைத் தேடித் திரட்டி 1988இல் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்ற நூலை எழுதிய பின்னரே புதிய தலைமுறை அவரை அறிந்தது. பதுளைக்கு அண்மையில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், மலையகச் சிறுகதையின் வரலாற்றை எழுதி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். அயல்நாட்டிலிருந்து வந்து ஒருவர் இம்மக்களைப் பற்றி எழுதிய காலம் மாறி, இம்மண்ணிலேயே பிறந்தவர் தம் மக்களைப் பற்றித் தாமே எழுதிய காலம் வந்தது. நடேசய்யரின் பணிக்கு இதனினும் பொருத்தமான நினைவுச் சின்னம் இல்லை.

எழுத்தைத் தொழிலாகக் கொண்டு இன்றும் நம் இளைஞர் பலர் கடல் கடந்து செல்கின்றனர். புதிய நாட்டின் மொழியைக் கற்பதும், அங்குள்ள பத்திரிகைகளுக்கு எழுதிப் பொருள் ஈட்டுவதும் போற்றத்தக்கனவே. ஆனால் வந்த நாட்டில் யாருடைய வாழ்வு எழுதப்படாமல் கிடக்கிறது என்று தேடிச் சென்று, அவர் வாசலில் மூட்டையை இறக்கி வைத்து அமர்பவனே அந்நாட்டின் எழுத்தாளன் ஆகிறான். தஞ்சையிலிருந்து சந்தாதாரரைத் தேடி வந்த நடேசய்யர், இறுதியில் சந்தா கொடுக்க இயலாத மக்களையே அடைந்தார். அவர்களோ அவருக்கு ஓர் இடத்தைக் கொடுத்தனர். அந்த இடம் நூலகங்களில் தாமதமாகவே கிடைத்தது. லயத்து மக்களின் நினைவில் அவர் உயிரோடிருந்தபோதே கிடைத்துவிட்டது.